நரம்பின் மின்னோட்டமும் மனச்சான்றின் குரலும்

வீட்டிற்குத் தண்ணீர்க் குழாய் போடும்போது கடையில் ஜி.ஐ. பைப் என்று கேட்டு வாங்குகிறோம். துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசப்பட்ட இரும்புக் குழாய் அது. மின்விளக்கு மங்கலாக எரிந்தால் வோல்டேஜ் இல்லை என்று சலித்துக்கொள்கிறோம். இந்த இரண்டு சொற்களுக்குள்ளும் இரண்டு இத்தாலியர்களின் பெயர்கள் மறைந்திருக்கின்றன. ஜி என்ற எழுத்தில் கால்வானி இருக்கிறார். வோல்டேஜ் என்ற சொல்லில் வோல்ட்டா இருக்கிறார். இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்கள். இருவரும் கத்தோலிக்கர்கள். ஒரு தவளையின் கால் துடிப்பதைப் பார்த்து இருவரும் வெவ்வேறு முடிவுக்கு வந்தவர்கள். அவர்களில் முதலாமவரான லூயிஜி கால்வானியின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம்.

அவரை நினைவுகூரக் காரணம் உண்டு. இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களை நம் பங்குகளிலேயே பார்க்கிறோம். காது கேளாமல் பிறந்த குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தியபின், அது அம்மாவின் குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்ப்பதையும் அறிந்திருக்கிறோம். இவற்றின் அடுத்த படியாக, ரப்பர்போல வளைந்து கொடுக்கும் மென்மையான மின்கருவிகளை மூளையின் மேலும், தண்டுவடத்தின் மேலும், நரம்புகளைச் சுற்றியும் பொருத்தும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. நம் நரம்புகள் மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன என்பது தெரியாமல் இருந்திருந்தால் இவற்றில் எதுவும் பிறந்திருக்காது. அதைக் கண்டு சொல்லி, பரிசோதனைகளால் நிலைநாட்ட முயன்றவர் கால்வானி. அப்படிச் சொன்னதற்காகத் தோற்றுப்போனவராகக் கருதப்பட்டவரும் அவரே.

பொற்கொல்லரின் மகன்

இத்தாலியின் வடபகுதியில் உள்ள பொலோஞ்ஞா நகரில் 1737ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் கால்வானி பிறந்தார். அந்நாளில் அந்த நகர் திருத்தந்தையின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை பொற்கொல்லர். இளவயதிலேயே கால்வானிக்குத் துறவு வாழ்வின்மேல் நாட்டம் இருந்தது. ஏறக்குறைய பதினைந்து வயதில் துறவற வாழ்வில் நுழைய விரும்பினார். வீட்டார் அவரை வேறு வழியில் திருப்பினர். பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மெய்யியலும் பயின்று 1759இல் பட்டம் பெற்றார்.

நம் குடும்பங்களிலும் இப்படி நடப்பதுண்டு. குருமடம் போக நினைத்த பிள்ளை வேறு படிப்புக்குப் போய்விடுகிறான். அழைத்தல் வீணாகிவிட்டதே என்று பாட்டி வருந்துகிறார். கால்வானியின் வாழ்வு அந்தப் பாட்டிக்கு ஓர் ஆறுதல். அவர் பொதுநிலையினராகவே வாழ்ந்தார். தூய பிரான்சிஸ் அசிசியாரின் மூன்றாம் சபையில் உறுப்பினராக இருந்தார். ஆய்வுக்கூடமே அவருக்கு இறைவன் காட்டிய இடமாயிற்று.

முதலில் எலும்புகளைப் பற்றி ஆராய்ந்தார். பிறகு பறவைகளின் சிறுநீரகத்தையும் காதையும் நுணுக்கமாக அறுத்துப் பார்த்து எழுதினார். பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்தார். 1782இல் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். தம் ஆசிரியர்களில் ஒருவரான கலெயாட்சியின் மகள் லூசியாவை மணந்தார். லூசியா வீட்டு வேலையோடு நின்றுவிட்டவர் அல்லர். கணவரின் பரிசோதனைகளில் உடனிருந்து உதவினார். அவருடைய எழுத்துகளைத் திருத்திக் கொடுத்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அந்த வீட்டில் ஆய்வும் செபமும்தான் நிறைந்திருந்தன.

துடித்த தவளைக் கால்

நோயுற்ற லூசியாவுக்குத் தவளைச் சாறு வைத்தபோது தற்செயலாகக் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அது பிற்காலத்தில் எழுந்த கதை. உண்மையில் நடந்தது பத்தாண்டுக்கும் மேற்பட்ட பொறுமையான உழைப்பு.

1781ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அறுத்துத் தயாரிக்கப்பட்ட ஒரு தவளை மேசைமேல் இருந்தது. அதே அறையில் மின்பொறியை எழுப்பும் இயந்திரம் ஒன்றும் இருந்தது. உதவியாளர் ஒருவர் அறுவைக் கத்தியின் முனையால் தவளையின் கால் நரம்பைத் தொட்ட நேரத்தில் இயந்திரத்தில் பொறி பறந்தது. உடனே இறந்த தவளையின் கால் வலிப்பு வந்ததுபோல் துடித்தது. இயந்திரத்திற்கும் தவளைக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. பார்த்தவர்கள் வியந்தார்கள். கால்வானி வியந்ததோடு நிற்கவில்லை. எதை மாற்றினால் துடிக்கிறது, எதை மாற்றினால் துடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வைத்தார்.

பிறகு மொட்டை மாடிக்குப் போனார். இடி மின்னல் நேரத்தில் தவளைக் கால்களைக் கம்பியோடு இணைத்துப் பார்த்தார். ஒவ்வொரு மின்னலுக்கும் கால்கள் துடித்தன. 1786இல், பித்தளைக் கொக்கிகளில் தவளைக் கால்களைக் கோத்து இரும்புக் கிராதியில் தொங்கவிட்டார். வானம் தெளிவாக இருந்தது. எதுவும் நடக்கவில்லை. காத்திருந்து சலித்து, கொக்கியை இரும்போடு சேர்த்து அழுத்தினார். கால் துடித்தது. மின்னலும் இல்லை, இயந்திரமும் இல்லை. அப்படியானால் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

அது உயிரினத்தின் உடலுக்குள்ளேயே இருக்கிறது என்பதே கால்வானி கண்ட விடை. தசையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டுள்ளன; நரம்பு அதைக் கடத்துகிறது; உலோகம் வெறும் பாலம்தான் என்றார். 1791இல் இலத்தீன் மொழியில் தம் ஆய்வை வெளியிட்டார். அதைப் பார்க்க லூசியா உயிரோடு இல்லை.

இரு நல்லவர்களின் கருத்து வேறுபாடு

பவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா இந்த ஆய்வை 1792இல் தாமே செய்து பார்த்தார். முதலில் ஏற்றுக்கொண்டார். பிறகு அவருக்கு ஐயம் எழுந்தது. பித்தளையும் இரும்பும் என இரண்டு வேறுபட்ட உலோகங்கள் சந்திப்பதால்தான் மின்சாரம் பிறக்கிறது. தவளைக் கால் அதைக் காட்டும் கருவி மட்டுமே என்று கூறினார். ஐரோப்பாவின் அறிஞர்கள் இரு அணியாகப் பிரிந்தனர்.

கால்வானி கூச்ச சுபாவம் உள்ளவர். மேடைகளில் ஏறி வாதாடவில்லை. மீண்டும் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். 1794இல் தம் பெயரைப் போடாமலே ஒரு நூல் வெளியிட்டார். உலோகமே இல்லாமல், நரம்பைத் தசையோடு தொடச் செய்தே காலைத் துடிக்க வைத்ததை அதில் விளக்கினார். 1795இல் அத்ரியாட்டிக் கடற்கரைக்குச் சென்று, தொட்டால் மின் அதிர்ச்சி தரும் திருக்கை மீனை ஆராய்ந்தார். 1797இல் இன்னொரு பரிசோதனையையும் வெளியிட்டார். ஒரு தவளைக் காலின் நரம்பை மற்றொரு காலின் நரம்பின்மேல் வைத்தபோது கால்கள் துடித்தன. அங்கே எந்த உலோகமும் இல்லை. உயிருள்ள சதைக்கே சொந்தமான மின்சாரம் உண்டு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று அன்று கிடைத்திருக்க முடியாது.

ஆயினும் காலம் வோல்ட்டாவின் பக்கம் சாய்ந்தது. இருவகை உலோகத் தட்டுகளை அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, உலகின் முதல் மின்கலத்தை அவர் உருவாக்கினார். 1800இல் அதை அறிவித்தார். நெப்போலியன் அவரைப் பாரிசுக்கு அழைத்துப் பாராட்டினார். பதக்கமும் பட்டமும் வந்தன. நாம் டார்ச் விளக்கில் போடும் பேட்டரி அந்த மின்கலத்தின் வழிவந்ததே. கால்வானி சொன்னது தவறு என்று பலர் முடிவுகட்டினர். அதைக் கேட்க அவரும் அப்போது உயிரோடு இல்லை.

மறுத்த ஒரு சொல்

1796இல் பிரெஞ்சுப் படைகள் பொலோஞ்ஞாவுக்குள் நுழைந்தன. திருத்தந்தையின் ஆட்சி முடிந்தது. 1797இல் சிசால்பைன் குடியரசு என்ற புதிய அரசு உருவானது. 1798 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பத்திநாதர் உரோமையிலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் பிரான்சு நாட்டிற்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டு 1799இல் அங்கேயே இறந்தார். இத்தகைய சூழலில்தான் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அனைவரும் புதிய அரசுக்குப் பற்றுறுதி கூறும் உறுதிமொழியை எடுக்க வேண்டும் என்று ஆணை வந்தது.

பலர் எடுத்தார்கள். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது, கடன் இருந்தது, அச்சம் இருந்தது. அவர்களை நாம் தீர்ப்பிட வேண்டாம். கால்வானி எடுக்கவில்லை. அது தம் விசுவாசத்திற்கும் மனச்சான்றிற்கும் ஒவ்வாதது என்று கண்டார். 1798 ஏப்ரலில் அவருடைய பதவி பறிக்கப்பட்டது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் படித்தும் பணிசெய்தும் வளர்ந்த இடத்தின் கதவு மூடியது. வருமானமும் நின்றது. பிறகு அவர் தம் சகோதரர் வீட்டில் தங்கினார்.

அதே உறுதிமொழியை மறுத்ததால் அரபு மொழிப் பேராசிரியர் பணியை இழந்த இளங்குரு ஒருவரும் அந்நகரில் இருந்தார். பல மொழிகள் அறிந்தவராகப் புகழ்பெற்று, பின்னாளில் கர்தினாலான ஜுசெப்பே மெட்சொபான்டிதான் அவர். அவருக்கு வாழ்நாள் நீண்டு கிடந்தது. கால்வானிக்கோ அறுபது வயது. மனைவி இல்லை. உடல்நலமும் குன்றியிருந்தது.

சில மாதங்களுக்குப் பின் அரசே மனம் மாறியது. அவருடைய புகழைக் கருதி, உறுதிமொழி இல்லாமலே பதவியைத் திருப்பித் தர முடிவுசெய்தது. அந்த ஆணை நடைமுறைக்கு வருமுன் 1798 டிசம்பர் 4ஆம் நாள் கால்வானி இறைவனடி சேர்ந்தார். பொலோஞ்ஞாவில் உள்ள கோர்ப்புஸ் தோமினி ஆலயத்தில் லூசியாவின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். தூய பொலோஞ்ஞா கத்தரீனின் உடல் அமர்ந்த நிலையில் பாதுகாக்கப்படும் ஆலயம் அது. அங்கே செல்லும் திருப்பயணிகள் பலர் புனிதையை வணங்கிவிட்டு, கால்வானியின் கல்லறை அங்கிருப்பதை அறியாமலே திரும்பிவிடலாம்.

விதை முளைத்தது

கால்வானியின் சகோதரி மகன் ஜொவான்னி அல்தீனி மாமாவின் கொள்கையைப் பரப்பப் புறப்பட்டார். 1803இல் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவரின் உடலில் மின்சாரம் பாய்ச்சினார். முகம் கோணியது, கை உயர்ந்தது. கூட்டம் திகைத்தது. இத்தகைய காட்சிகளைப் பற்றிய பேச்சு ஃபிராங்கன்ஸ்டைன் கதை எழுந்த காலத்தின் பின்னணியில் இருந்தது. பொறுமையாகத் தேடிய உண்மை வேடிக்கைக் காட்சியாக மாறும் ஆபத்து அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால் உண்மை மெதுவாக முளைத்தது. 1840களில் இத்தாலியரான மத்தேயுச்சியும் செருமானியரான துபுவா ரேமோனும் தசையிலும் நரம்பிலும் மின்னோட்டத்தை அளந்து காட்டினர். 1952இல் ஆங்கிலேயர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து, நரம்பின் உள்ளேயும் வெளியேயும் உப்புத் துகள்கள் நகர்வதால் மின்துடிப்பு ஓடுகிறது என்று விளக்கினர். 1963இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்பக்கம் ஒரு மின்னூட்டம், வெளிப்பக்கம் எதிர் மின்னூட்டம் என்று கால்வானி ஊகித்ததன் அடிப்படை சரியாக இருந்தது. உலோகங்களின் சந்திப்பு மின்சாரம் தரும் என்று வோல்ட்டா சொன்னதும் சரியே. இரு நல்லவர்கள், இரு உண்மைகள். ஒன்றை ஏற்பதற்காக மற்றொன்றை மறுக்கத் தேவையே இருக்கவில்லை.

அதன்பின் மருத்துவம் வேகமாக வளர்ந்தது. 1957இல் பிரான்சில், காது கேளாத ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டினர். 1958இல் சுவீடனில், உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 1987இல் பிரான்சில், மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் தந்து கைநடுக்கத்தை அடக்கும் சிகிச்சை தொடங்கியது.

கடினமும் மென்மையும்

ஆனால் ஒரு தடை இருந்தது. உலோகமும் சிலிக்கானும் கடினமானவை. மூளையோ கட்டித் தயிரைப்போல மென்மையானது. சிலிக்கான் மூளையைவிடக் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. நாம் மூச்சுவிடும்போதும் நடக்கும்போதும் மூளையும் தண்டுவடமும் சற்றே அசைகின்றன. விறைப்பான கம்பி அசைவதில்லை. நாளடைவில் அது சுற்றியுள்ள திசுவை உரசுகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கண்டு, சுற்றிலும் வடுவை எழுப்பி மூடிவிடுகிறது. நரம்பின் செய்தி கருவிக்கும், கருவியின் செய்தி நரம்புக்கும் சேராமல் போகிறது.

எனவே அறிஞர்கள் கருவியை மென்மையாக்க முயன்றனர். 2015இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வாளர்கள் மெல்லிய சிலிக்கோன் ரப்பரில் தங்க இழைகளைப் பதித்து, தண்டுவடத்தின் உறைக்குள் வைக்கத்தக்க ஒரு கருவியை அறிவித்தனர். தங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருப்பதால் அது ரப்பரோடு சேர்ந்து நீள்கிறது. விறைப்பான கருவி சில வாரங்களில் எலிகளின் தண்டுவடத்தை நசுக்கியது. மென்மையான கருவி அதைக் காயப்படுத்தவில்லை. முடமான எலிகள் அதன் உதவியால் மீண்டும் நடந்தன.

இன்னொரு வழியும் உண்டு. உலோகத்தில் மின்சாரத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள். உடலில் அதைச் சுமப்பவை உப்புநீரில் கரைந்த அயனிகள். ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. மின்சாரம் கடத்தும் ஒருவகை பிளாஸ்டிக்குகள் இவ்விரண்டு மொழிகளையும் அறிந்தவை. அத்தகைய பிளாஸ்டிக்கைக் கண்டுபிடித்த மூவருக்கு 2000ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வோல்ட்டாவின் உலோக மின்சாரமும் கால்வானியின் உயிர் மின்சாரமும் அந்த மென்பொருளின் பரப்பில் கைகுலுக்குகின்றன என்று சொல்லலாம்.

இம்முயற்சிகளில் பல இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளன. நாளையே எல்லா முடவரும் நடப்பார்கள் என்று யாரும் நம்மை நம்பவைக்க வேண்டாம். கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. விழித்திரைக் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்ட 350க்கும் மேற்பட்டோர், அதைத் தயாரித்த நிறுவனம் 2019இல் தயாரிப்பை நிறுத்தியபின் பழுதுபார்க்கவும் வழியின்றித் தவித்தார்கள். உடலுக்குள் ஒரு கருவியை வைப்பது கைப்பேசி விற்பதைப் போன்றதன்று. அது அந்த மனிதரோடு வாழ்நாள் முழுவதும் உடன்வரும் பொறுப்பு. நோயைக் குணமாக்கவா, மனிதரை ஆட்டிவைக்கவா? காசு உள்ளவருக்கா, காத்திருக்கும் ஏழைக்கா? இந்தக் கேள்விகள் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியவை அல்ல, நமக்கும் உரியவை.

நமக்கு ஒரு பாடம்

பொலோஞ்ஞாவில், தூய பெத்ரோனியுஸ் பேராலயத்தின் பின்புறம் கால்வானியின் பெயரைத் தாங்கிய சதுக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே 1879இல் நிறுவப்பட்ட அவருடைய சிலை நிற்கிறது. கையில் உள்ள பலகையில் கிடக்கும் தவளையை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பதவியைப் பறித்தவர்களையோ தம்மை மறுத்தவர்களையோ பார்க்கவில்லை. இன்றும் தம் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, நரம்போடு சேர விரும்பும் கருவி மென்மையாக இருக்கவேண்டும் என்று கற்றுக்கொள்ள அறிவியலுக்குப் பல ஆண்டுகள் ஆயின. மனிதரோடு சேர விரும்பும் நாம் அதைக் கற்றுக்கொண்டோமா? வீட்டில் மருமகளிடமும், பங்குப் பேரவையில் மாற்றுக் கருத்து சொல்பவரிடமும் நாம் விறைப்பான கம்பியாக இருந்தால், அங்கே வடுதான் வளரும். வடு வளர்ந்தபின் செய்தி சேராது. அதேவேளையில், மனச்சான்றை விற்கச் சொல்லும் இடத்தில் வளைந்து கொடுத்தால் நம்மிடம் மிஞ்ச ஒன்றுமில்லை. கால்வானி தம்மை மறுத்தவரிடம் மென்மையாக இருந்தார். தம் மனச்சான்றில் உறுதியாக இருந்தார். நாமோ பல நேரங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். அதிகாரத்தின் முன் வளைகிறோம், உடன்பிறந்தவரிடம் விறைக்கிறோம்.

தம் உழைப்பின் பலனைக் காணாமலே அவர் கண்மூடினார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர்கள் வேறு சிலர். இன்று ஏதோ ஒரு மருத்துவமனையில் ஒரு குழந்தை முதன்முதலாகத் தன் பெயரைக் கேட்கும்போது, அந்த அறுவடையில் அவருக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளில் அறிவியல் பயில்வோருக்காகவும், நரம்பு நோயால் படுக்கையில் கிடப்போருக்காகவும், வேலையை இழந்தாலும் மனச்சான்றை இழக்காதோருக்காகவும் இன்று செபிப்போம். எதில் உறுதியாக இருக்கவேண்டும், எதில் மென்மையாக இருக்கவேண்டும் என்பதைத் தூய ஆவியார் நமக்குக் கற்றுத்தருவாராக.